பால் குடித்த பானையும் குழாய் முளைத்த பானையும்

திங்கட்கிழமை பிறந்த பெண்ணுக்கு எங்கள் நாட்டில் தெனிம்பா என்று பெயரிடுவர். இட்டவர் அதன் காரணத்தை மறந்துவிடுவர், பெயரைப் பெற்றவளும் மறந்துவிடுவாள். தெனிம்பா பல்லோ மறக்கவில்லை. ஆற்றின் அக்கரையில் செகு நகரத்துப் பெருஞ்சந்தை கூடுவதும் திங்கட்கிழமையே ஆதலின், அச்சந்தை தன் பிறந்தநாளைக் கொண்டாடவே வாரந்தோறும் கூடுகிறதென்று பேசத் தொடங்கிய நாள்முதல் வாதாடி வருகிறாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அந்த வாதத்தில் அவளை வென்றவர் இதுவரை எவருமிலர்.

நான் படகோட்டி. நுமுபுகு என்னும் எங்கள் சிற்றூரின் பானைகளையும், அவற்றை வனைந்த பெண்களையும் ஜோலிபா ஆற்றின் மேல் சுமந்து சென்று சந்தையில் இறக்குவது என் தொழில். எங்கள் ஊரில் ஆடவர் இரும்பை அடிப்பர். பெண்டிர் மண்ணை வனைவர். கொல்லன் மனைவி குயத்தி. இறைவன் நெருப்பை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியை உலைக்களத்திலும் மறு பாதியைச் சூளையிலும் வைத்தான் என்றே நாங்கள் எண்ணுவோம். முப்பது பெண்கள் பானை வனைகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளக் கீறல் உண்டு. தெனிம்பாவின் கீறல் நாரையின் கால்: கலத்தின் கழுத்தில் மூன்று விரல், பின்னே ஒரு விரல். என் படகில் வைக்கோல் மூடிக் கிடக்கும் நூறு பானைகளுக்கு நடுவே அவளுடையதை நான் கையால் தடவியே கண்டுகொள்வேன்.

அவள் மண் பிசையும்போது பேசுவாள், வனையும்போது பேசுவாள், கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது மட்டும் பாடுவாள். அவளுடைய கணவன் சீயாக்கா கந்தே பேசமாட்டான். நல்ல கொல்லன், கையால் பேசுகிறவன்.

அவளுடைய வாழ்க்கையில் நான் சொல்ல வந்த நிகழ்ச்சி சென்ற கோடையின் தொடக்கத்தில் நடந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, செகுவில் ஆற்றங்கரைப் பள்ளியின் சமையற்காரிக்கு ஒரு சோற்றுப் பானை கொடுக்கச் சென்றிருந்தாள். பள்ளி முற்றத்தில் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய். வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்த அதனருகே பிள்ளைகள் வரிசையில் நின்று, முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தண்ணீர் குடித்தார்கள். தெனிம்பாவும் ஒரு வாய் குடித்தாள். துப்பினாள். துப்பிய வேகத்திலேயே தலைமையாசிரியை நாந்தெனே கெய்த்தாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"டீச்சரம்மா, அந்தத் தண்ணியை நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"நான் வீட்டிலேருந்து கொண்டு வரேன், பல்லோ."

"வீட்டுல தண்ணி எதுல வச்சிருக்கீங்க?"

 ஆசிரியை சிரித்துவிட்டார். "நீ செஞ்ச பானையிலதான்."

"அப்போ புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

"பாவம் ஒண்ணுமில்லை. பானைன்னா புள்ளைங்க கையை விட்டு அளையுங்க. மூடியும் குழாயும் இல்லாத எதையும் நான் வகுப்புல வைக்க முடியாது."

"குழாய்தானே? முளைக்க வைக்கறேன்."

அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் அமர்ந்திருந்தார். வியாபாரி சுமானா குலிபாலி. பருத்த உடல், அதனினும் பருத்த குரல். இருபத்துநான்கு வகுப்புகளுக்கும் புதிய பீப்பாய் தருவதற்காக வந்தவர். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மண்ணுல குழாயா! அடுத்தாப்புல மண்ணுல சைக்கிள் செய்வியா?"

"செய்வேனே. காராமணி தின்னுட்டு நீ ஏறி உக்காந்தா தாங்குமான்னுதான் யோசனை."

குலிபாலி குலத்தாரைக் காராமணி தின்னிகள் என்று கேலி செய்ய எங்கள் நாட்டில் எவருக்கும் உரிமை உண்டு. கேலிக்கு ஆளானவர் சிரித்தேயாக வேண்டும். குலிபாலியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பந்தயம் கேட்டார். அவருடைய பீப்பாயையும் அவளுடைய குழாய்ப் பானையையும் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரே மரத்தடியில் வைத்து நிரப்புவது. உச்சிவேளையில் பள்ளிக்குழுத் தாய்மார் இரண்டிலும் குடித்துப் பார்ப்பது. வென்ற கலமே இருபத்துநான்கு வகுப்புக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெனிம்பாவுக்கு நிறுத்தத் தெரியாது. "என் பானை தோத்துச்சுன்னா, மழை பொறக்கற வரைக்கும் திங்கள்தோறும் உன் நீலப் பீப்பாயை நானே சந்தையில கூவி விக்கறேன்!" என்று சொல்லிவிட்டாள். "நீ தோத்தா என் பானையை நீ கூவணும்."

என் படகில் திரும்பும்போது மற்றப் பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அவளோ துள்ளிக்கொண்டிருந்தாள். "இருபத்துநாலு பானை, முப்பது பொம்பளை! ஒரு பள்ளிக்கூடம் வச்சா அடுத்தது வைக்கும், அதுக்கடுத்தது வைக்கும். இந்தக் கோடையில நம்ம சூளை அணையவே அணையாது, பாருங்க!" அவளுக்கு அப்போது தோன்றாத ஒன்றை அடுத்த மூன்று வாரங்களில் மண்ணே எடுத்துரைத்தது.

துளையிட்ட பானை சூளையில் நிற்பதில்லை. முதல் வாரத்துப் பானை துளையிலிருந்து விளிம்புவரை பிளந்தது. இரண்டாம் வாரத்ததன் அடிப்பாகம் கழன்று வீழ்ந்தது. மூன்றாம் வாரம் துளையைச் சுற்றி மண்ணால் தடித்த வளையம் ஒன்று வைத்தாள். வளையம் மட்டும் முழுதாக வந்தது, பானை வரவில்லை. அதனைச் சீயாக்கா விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தான். நான்காம் வாரம் நான்கு பானைகள் செய்தாள். உடைந்த பழைய பானையோடுகளை இடித்துச் சலித்த தூளை மண்ணில் இரட்டிப்பாகக் கலந்தாள். வளையத்தை ஈரத்துணி சுற்றி ஐந்து நாள் நிழலில் உலர்த்தினாள். அந்த ஐந்து நாளும் அவள் வீட்டு வழியே நடந்தவர்களை ஓங்கி மிதித்து நடக்கவிடவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் ஊர்ப் பெண்கள் அனைவரும் ஒரே சூளையில் சுடுவர். சுவரில்லாத சூளை அது: விறகின் மேல் பானை, பானையின் மேல் பானை, அனைத்தின் மேலும் வைக்கோல். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து அந்தப் பக்கத்தில் நெருப்பிடுவர். வைக்கோல் எரிந்து கரிந்து சரியும்போது உள்ளே பானைகள் செம்பரிதியின் குழவிகள்போல் ஒளிரும். நீண்ட கழியின் நுனியில் இரும்புக் கொக்கி மாட்டி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஒவ்வொருத்தியும் பாய்ந்து தன் கலத்தை இழுப்பாள். சோற்றுப் பானையை மரப்பட்டை காய்ச்சிய கருஞ்சாற்றில் அமிழ்த்துவர்; அது சீறிக்கொண்டு கறுத்து மின்னும். தண்ணீர்ப் பானையை அமிழ்த்துவதில்லை. அதன் மண் மூச்சுவிட வேண்டும். உள்ளிருக்கும் நீர் மண்ணின் நுண்கண்களின் வழியே கசிந்து வேர்த்தால்தான் கலம் குளிரும்.

அன்று தெனிம்பா இழுத்த முதற்பானை கொக்கியிலேயே இரண்டாயிற்று. இரண்டாவதில் விரிசல். மூன்றாவதில் ஒரு மயிரிழை; அவள் அதைக் கண்டும் காணாததுபோல் ஓரமாக வைத்தாள். நான்காவதை இழுத்து, ஆறும்வரை அதன் முன் குந்தியிருந்து, பிறகு விரல்முட்டியால் தட்டினாள்.

தங்ங்.

தொழுகை அழைப்பு கேட்டவள்போல் அவள் கண்ணை மூடினாள். மறுகணம் கழியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சூளையைச் சுற்றி ஆடினாள். பெண்கள் அனைவரும் நாவைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஆற்றின் நடுவே இருந்த என் காதுக்கும் அது எட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி துவைக்கத் துறைக்கு வந்தாள். துவைத்ததினும் பேசியது மிகுதி. அந்த வேளையில் அவள் வீட்டுக்குப் பெந்தோ சிதிபே பால் கொண்டு வந்தாள்.

பெந்தோ, மாடு மேய்க்கும் புலானி குலத்துப் பெண். ஊருக்கு மேற்கே மாட்டுக் கிடையில் வாழ்பவள். கொல்லர் குலமும் புலானி குலமும் கேலி உறவினர். ஒருவர் வீட்டில் மற்றவர் எதைத் தொட்டு 'என்னுடையது' என்றாலும் மறுக்கலாகாது. மறுத்தாலும் சினந்தாலும் முன்னோர் வைத்த உடன்பாட்டை முறித்த பழி சேரும். சென்ற அறுவடையில் சீயாக்கா அவளுடைய ஆட்டுக்கிடாயை ஓட்டிவந்து இரண்டு நாள் கட்டிவைத்திருந்தான். ஆக, அன்று அவர்கள் பேசிக்கொண்டது வழக்கமான பேச்சே.

"கந்தே, என் அடிமையே! உன் எஜமானி வந்திருக்கேன், எந்திரிக்க மாட்டியா?"

"மாட்டு வால் புடிச்சு வளர்ந்தவளுக்கு எவன் எந்திரிப்பான்?"

"இந்தப் பானை என்ன, வயித்துல மூக்கு வச்சிருக்கு? அழகா இருக்கே. இது என்னுது."

சீயாக்கா உலைக்களத்திலிருந்து எழுந்து வந்தான். தெனிம்பா நடந்து போய்க் கேலி பேசி மாலைக்குள் மீட்டுவந்துவிடுவாள் என்று அவன் எண்ணினான். வழக்கம் வழுவாதவன், பானையைத் தன் கையாலேயே தூக்கிப் பெந்தோவின் தலையில் வைத்தான்.

தெனிம்பா ஈரத்துணியோடு திரும்பினாள்.

"கந்தே, பானை எங்க?"

"பெந்தோ எடுத்துட்டுப் போனா."

"எடுத்துட்டுப் போனாளா? நீங்க தூக்கிக் குடுத்தீங்களா?"

"கனமா இருந்துச்சு. தூக்கி விட்டேன்."

புலானிப் பெண்மேல் சினம் கொள்ள வழக்கம் தடை. கணவன்மேல் சினம் கொள்ள எந்த வழக்கமும் தடையில்லை. அந்த உரிமையை அவள் முழுதும் பயன்படுத்தியதை இரண்டு தெரு கேட்டது. பிறகு துணியை அவன் தோளில் எறிந்துவிட்டு மேற்கு நோக்கி ஓடினாள்.

கிடையில் நிகழ்ந்ததைப் பெந்தோ பின்னர் என் படகில் சொன்னாள். அவள் சொன்னவாறே தருகிறேன். தெனிம்பா வந்தபோது பானை குடிசை வாயிலில் இருந்தது. துளையில் வெண்ணெய் தடவிய துணி. வாய்வரை பால்.

"பெந்தோ, அதுல என்னடி ஊத்தின?"

"பார்த்தா தெரியலையா? பால். தயிருக்கு வச்சிருக்கேன்."

தெனிம்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பால் குடிச்ச மண்ணு கண்ணை மூடிக்கும்டி. தண்ணி வச்சா வேர்க்காது. வேர்க்காத பானை குளுராது. நாளைக்கு மத்தியானம் அது பள்ளிக்கூடத்துல பந்தயத்துக்கு நிக்க வேண்டிய பானை. நாலு வாரமா பொழச்சது அது ஒண்ணுதான்."

பெந்தோ பதறினாள். "எனக்குத் தெரியாதே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே!"

"யாருடி சொல்லுவா? கந்தேயா? அவருக்கு வருஷத்துக்கு நாப்பது வார்த்தைதான். இந்த வருஷத்துக்கு ஆயிப்போச்சு."

சொல்லிவிட்டுத் தெனிம்பா சிரித்தாள். சிரித்தாக வேண்டுமே! வாழ்நாளில் அத்தகைய அச்சந்தரும் சிரிப்பைத் தான் கேட்டதில்லை என்றாள் பெந்தோ. அழுகையும் சிரிப்பும் ஒரே வாயில் நின்று இடத்துக்குப் போரிட்டன. நாளை முதல் நீலப் பீப்பாய். அவள் கூவுவாள், ஊர்ப் பெண்கள் முப்பதுபேரும் தங்கள் பானைகளோடு எதிரே அமர்ந்து கேட்பார்கள்.

அப்போது அவள் கண் குடிசையின் நிழலில் சென்று நின்றது. அங்கே ஒரு பானை. வாயில் சுரைக்குடுவை கவிழ்த்திருந்தது, வயிறெங்கும் முத்து முத்தாக வேர்வை, அடியில் பசும்பாசி, அதன் காலடி ஈரத்தில் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு நிலம் கிளறிக்கொண்டிருந்தது. கழுத்தில் நாரைக்கால். ஏழு ஆண்டுகளுக்கு முன் பெந்தோவின் திருமணத்துக்குத் தெனிம்பா தன் கையால் வனைந்து கொடுத்த தண்ணீர்ப் பானை.

தெனிம்பா எழுந்தாள். இரு கைகளையும் அதன் மேல் வைத்தாள்.

"இது என்னுது."

 அந்தக் கிடையில் பதினோரு பேருக்கு அதுவே தண்ணீர். ஆனால் உடன்பாடு இரு கரைக்கும் ஒன்றே. "எடுத்துக்கோ" என்றாள் பெந்தோ. "தண்ணியோடவா, தண்ணி இல்லாமலா?"

"தண்ணியைக் கொட்டு. நீயும் கிளம்பு, எனக்குத் தூக்கறதுக்கு ஓர் அடிமை வேணும்."

பானை கிடைத்தது, துளை இல்லை. சுட்ட பானையைத் துளைக்க வல்ல மெல்லிய துளையூசி சீயாக்காவிடம் ஒன்றுதான் உண்டு. அதை என் படகின் பலகையைப் பழுதுபார்க்க நான் இரவல் வாங்கியிருந்தேன். நானோ அன்று நண்பகலிலேயே ஒரு திருமணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குச் சென்றுவிட்டேன். ஊசியும் என்னோடு வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியலில் சந்தைக்கு ஆளேற்ற நான் துறைக்குத் திரும்பியபோது, முழங்கால் நீரில் இறங்கி மூவர் நின்றிருந்தனர். நடுவில் பானை.

"அண்ணே! ஊசி எங்க?" என்று கத்தினாள் தெனிம்பா.

"எந்த ஊசி?"

"கந்தேயோட ஊசி! வாழ்க்கையில ஒரு தடவையாவது இரவல் வாங்கினதைத் திருப்பிக் குடுக்கப்படாதா?"

பலகையின் கீழிருந்து எடுத்து நீட்டினேன். கரையில் நின்று துளைக்க நேரமில்லை. வெயில் ஏறுமுன் பானை நிரம்ப வேண்டும். ஆகவே ஆற்றின் மேலேயே துளைத்தார்கள். பெந்தோ கால் நீட்டி அமர்ந்து பானையை மடியில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சீயாக்கா ஊசியின் தண்டில் வில்நாணைச் சுற்றி இழுத்தான். இழுக்க இழுக்க ஊசி சுழன்றது. தெனிம்பா விரல்நுனியால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டாள். மண் குழைந்து செங்குருதிபோல் பெந்தோவின் கையில் வழிந்தது. படகில் இருந்த பெண்கள் பதினைந்துபேரும் ஒரு சொல் பேசவில்லை. நுமுபுகுப் பெண்கள் வாய் திறவாமல் ஜோலிபாவைக் கடந்தது அன்று ஒருநாளே.

பாதி ஆற்றில் ஒரு மோட்டார்ப் படகு எங்களைத் தாண்டிச் சென்றது. அலை வந்தது.

"அண்ணே, அலை!"

"கண்ணு இருக்கு எனக்கு!" என்றேன். முகப்பை அலைக்கு நேரே திருப்பிக் கழியை ஊன்றி நின்றேன். படகு எழுந்தது, தாழ்ந்தது. சீயாக்கா ஊசியை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். ஆறு அடங்கியதும் மீண்டும் வைத்தான். இழுத்தான். இழுத்தான்.

டொக்.

உள்ளே ஏதோ விழுந்தது. சில்லா, விரிசலா? சீயாக்கா ஊசியை உருவினான். துளையின் வழியே பானையின் உள்ளிருள் தெரிந்தது. தெனிம்பா விரல்முட்டியை உயர்த்தினாள், தட்ட அஞ்சினாள், தட்டினாள்.

தங்ங்.

பதினைந்து பெண்களும் ஒரே குரலாகக் குலவையிட்டதில் ஒரு கூடைக் கோழிகள் அனைத்தும் இறக்கையடித்தன. நான் என் கழியை நழுவவிட்டுப் பாய்ந்து பிடித்தேன். சீயாக்கா அந்த ஆண்டின் நாற்பத்தோராவது வார்த்தையைச் சொன்னான்: "ஆச்சு."

தெனிம்பா முன்பே வாங்கி வைத்திருந்த பித்தளைக் குழாயின் கழுத்தில் பெருக்கமரப் பட்டை நார்க்கயிற்றை இறுகச் சுற்றித் துளையில் முறுக்கினார்கள். பள்ளி முற்றத்தில் வேம்பின் கீழே நீலப் பீப்பாய் முன்பே நின்றது. அதனருகே குலிபாலி, முக்காலியில், விசிறியோடு. இரண்டையும் ஒரே கிணற்று நீரால் நிரப்பினார்கள். பீப்பாயின் குழாய் இறுக்கமாக நின்றது. பானையின் குழாயடியில் சொட்டு விழுந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று உரக்க எண்ணினார் குலிபாலி. "பல்லோ, இன்னிக்கே சந்தையில கூவணுமே, தொண்டைக்குத் தேன் வாங்கி வச்சிருக்கியா?"

"எண்ணு, எண்ணு. காராமணிக்கு மேல உனக்கு எண்ணத் தெரியுதே, சந்தோஷம்."

பேசிவிட்டு அவள் எனக்குப் பின்னால் வந்து நின்று தன் முந்தானையை முறுக்கினாள். நார் நீர் குடித்து உப்ப வேண்டும், உப்பினால் அடையும், அடையாவிட்டால்... அவள் உதடு அசைந்தது. இறைவனிடம் ஏதோ பேரம் நடந்துகொண்டிருந்தது. அறுபதாம் சொட்டுக்குப் பின் நெடுநேரம் ஒன்றும் விழவில்லை. அறுபத்தோராவது துளி குழாயின் உதட்டில் உருண்டு தொங்கி, விழாமல் அங்கேயே தங்கிவிட்டது. குலிபாலி எண்ணுவதை நிறுத்திவிட்டு விசிறிக்கொண்டார். விசிறியவர் குனிந்து பானையை உற்றுப் பார்த்தார்.

"அட! இது புதுசே இல்ல! அடியில பாசி புடிச்சிருக்கு! டீச்சரம்மா, பழைய பானையைக் கொண்டாந்து ஏமாத்தறா!"

முற்றம் முழுதும் திரும்பியது. தலைமையாசிரியை வந்தார், பள்ளிக்குழுத் தாய்மார் மூவரும் வந்தனர். ஆசிரியை பாசியைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்லோ, என்ன இது? புதுப் பானை எங்க?"

தெனிம்பா வாய் திறந்தாள். அதற்குள் பெந்தோ முன்னே வந்தாள்.

"நான்தான் திருடினேன், டீச்சரம்மா. பானைக்கு மூக்கு இருக்கவும் ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போய்ப் பால் ஊத்திட்டேன். இவளோட புருஷனே தூக்கித் தலையில வச்சான், கேளுங்க அந்த மரத்தை."

சீயாக்கா தலையசைத்தான். சிரிப்பு வேம்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம்வரை ஓடியது. கொல்லனிடம் புலானி திருடியது என்றால் எங்கள் நாட்டில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"அதுக்குப் பதிலா இவ என் தண்ணிப் பானையைத் திருடினா. ஏழு வருஷமா என் வீட்டுல இருந்தது. பதினோரு பேரு தினமும் குடிச்சோம். ஓட்டை மட்டும்தான் புதுசு; இன்னிக்குக் காலையில ஆத்துல போட்டது."

தெனிம்பா பானையின் மேல் கை வைத்தாள். "ஆமாம்மா. இது புதுசுன்னு நான் சொல்லவே இல்ல. பழசுதான். என் கையால செஞ்சது. வேணாம்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன்; இன்னிக்கே பீப்பாய் கூவறேன். ஆனா குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

ஆசிரியை கதிரவனைப் பார்த்தார். உச்சி நெருங்கியிருந்தது. "கொண்டாங்க குவளையை" என்றார்.

முதலில் பீப்பாய். நால்வரும் ஒரு வாய் குடித்தனர். ஒருவரும் இரண்டாம் வாய் குடிக்கவில்லை, மரியாதைக்காக விழுங்கினர். பிறகு பானை. ஆசிரியை குழாயைத் திருகினார். நீர் விழும் ஓசையே வேறாக இருந்தது. அவர் குவளையை உதட்டில் வைத்தார், தலை மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தது, சாய்ந்தே நின்றது, குவளை காலியாகித்தான் கீழே இறங்கியது. பள்ளிக்குழுத் தலைவி, மீன் விற்கும் பெருத்த பெண், மூன்று குவளை குடித்துவிட்டு, "எனக்கு இன்னும் சரியாத் தெரியலை" என்று நான்காவதற்குக் கை நீட்டினாள். அதற்குள் பிள்ளைகள் வகுப்புகளிலிருந்து வெளியே வந்துவிட்டனர். ஆசிரியர்கள் அதட்டியும் நில்லாமல் பானையை மொய்த்தனர்.

குலிபாலியும் குடித்தார்.  மிச்சத்தைப் பிடரியில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன, காராமணி?" என்றாள் தெனிம்பா.

"...இன்னொரு குவளை குடு."

முற்றம் அதிர்ந்தது. ஆசிரியை கையுயர்த்தி அமைதி கேட்டார். அவர் குரலிலும் அமைதி இல்லை. "உன் பானை எத்தனை நாள் உழைக்கும்னு கேக்கறதா இருந்தேன், பல்லோ. ஏழு வருஷம்னு பானையே சொல்லிடுச்சு. இருபத்துநாலு வேணும். இது முதல் வகுப்புல இப்பவே இருக்கட்டும்; மிச்சம் இருபத்துமூணு."

"அது என்னுது!" என்று பாய்ந்தாள் பெந்தோ.

"நேத்திலேருந்து என்னுது" என்றாள் தெனிம்பா. "உனக்குத்தான் மூக்கு வச்ச பால் பானை இருக்கே."

"பதினோரு பேரும் பாலையேவா குடிப்போம்?"

"சரி, அழாத. இருபத்துமூணோட ஒண்ணு உனக்கு. மறுபடியும் இருபத்துநாலாச்சு! டீச்சரம்மா, முப்பது பொம்பளையும் பங்கு போட்டுச் செய்வோம். ஒவ்வொரு பானையிலயும் செஞ்சவளோட கீறல் இருக்கும். ஒழுகினா யாரைத் திட்டணும்னு உங்களுக்குத் தெரியும்."

"இருபத்துமூணு குழாய்க்கு எங்க போவ?" என்று கேட்டார் குலிபாலி, ஈரப் பிடரியைத் துடைத்தவாறு.

"உன் கடைக்குத்தான். வேற எங்க போவேன்? ஆனா முதல்ல சந்தைக்கு வா. குடுத்த வாக்கு இருக்கு."

அன்று பிற்பகல் செகுச் சந்தையின் துறையோரம், எங்கள் ஊர்ப் பெண்கள் பானை பரப்பியிருந்த இடத்தில் சுமானா குலிபாலி நின்றார். எருமை முழங்கினாற்போன்ற குரல். மறுகரை வரைக்கும் கேட்கும். "நுமுபுகுப் பானை! ஏழு வருஷம் உழைக்கும் பானை! காராமணி தின்னியே தோத்த பானை! வாங்க, வாங்க!" கூவத் தொடங்கியவர் அதில் சுவைகண்டுவிட்டார், பானையைத் தட்டி ஓசை காட்டினார், குழந்தையைப்போல் தூக்கிக் கொஞ்சினார். அறிந்தவர் சிரித்துக்கொண்டு வந்தனர். வந்தவர் வாங்கிச் சென்றனர். தொழுகை அழைப்பு எழுமுன்பே பெண்களின் விரிப்புகளில் வைக்கோல் மட்டுமே எஞ்சியது. அப்படி ஒரு திங்களை நான் கண்டதில்லை.

திரும்பும்போது என் படகு வெறுமையாக இலேசாக மிதந்தது. தெனிம்பாவின் முடிச்சில் முதல் ஆறு குழாய்கள் கலகலத்தன. ஆறு வற்றி எங்கள் கரையோரம் களிமண் மேடு வெளிப்பட்டுக் கிடந்தது. அதனருகே வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, நிறுத்துங்க."

"எதுக்கு?"

"மண்ணு!"

"நாளைக்கு வெட்டலாமே, தங்கச்சி. களைச்சுப் போயிருக்கோம்."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்குத் திங்கள்தான் ராசி." சொல்லும்போதே அவள் நீரில் குதித்துவிட்டாள். அவளுக்குப் பின் பெந்தோ குதித்தாள். ஒருநாளும் மண் தொடாத புலானிப் பெண், "எப்படி வெட்டணும், சொல்லித் தொலை" என்று கேட்டுக்கொண்டு. பிறகு பதினைந்துபேரும் இறங்கினர். சீயாக்கா சட்டையைக் கழற்றி மடித்து என் இருக்கையில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

கதிரவன் சாய்வதற்குள், போகும்போது சுமந்த பானைகளைவிடக் கனத்த களிமண்ணோடு என் படகு விளிம்பு நான்கு விரலே வெளியே தெரிய அமிழ்ந்து நின்றது. பெண்கள் ஏற இடமில்லை. அவர்கள் இடுப்பளவு நீரில் படகின் இருபுறமும் பற்றிக்கொண்டு, பாடிக்கொண்டே அதை ஊர்த்துறைக்குத் தள்ளிச் சென்றார்கள். நான் கழி ஊன்றவே இல்லை.